சிறு மின் மாதிரி வானூர்தியின் பழுது கண்டறிதலும் சீர்செய்தலும்

தொலைக்கட்டுப்பாட்டு மின் மாதிரி வானூர்தி என்பது தரையில் நிற்பவர் ரேடியோ அலைகளின் வழியாகக் கட்டுப்படுத்த, மின்கலத்தின் ஆற்றலைக் கொண்டு மின்னோடியால் பறக்கும் சிறு வானூர்தி ஆகும். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடப்படுபவற்றுள் பெரும்பாலானவை நுரைப்பொருளால் ஆனவை. இவை விழுவதும் உடைவதும் இயல்பு. ஓர் உடைந்த இறக்கையை ஒட்டுவது எளிது; ஏன் விழுந்தது என்று அறிவதே கடினம். காரணம் அறியாமல் ஒட்டப்பட்ட வானூர்தி பெரும்பாலும் அதே காரணத்தால் மீண்டும் விழும். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ஏறத்தாழ 1 மீட்டர் இறக்கை நீளமும் 700 கிராம் எடையும் கொண்ட, மூன்று கலங்களாலான லிப்போ மின்கல அடுக்கில் இயங்கும் பயிற்சி வானூர்தி ஆகும்.

வரலாற்றுக் குறிப்பு

மின்னோடியால் இயங்கிய தொலைக்கட்டுப்பாட்டு வானூர்தியின் அதிகாரப்பூர்வமாகப் பதிவான முதற் பறப்பு 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கர்னல் டாப்ளின் என்பவரின் "ரேடியோ குயின்" என்ற அவ்வானூர்தி வெள்ளி-துத்தநாக மின்கலங்களைப் பயன்படுத்தியது. அதன் பின்னர் நெடுங்காலம் எடை மிகுந்த நிக்கல்-காட்மியம் மின்கலங்களே வழக்கில் இருந்தமையால், எண்ணெய் எஞ்சின்களே இத்துறையில் கோலோச்சின. 2000களில் லித்தியம்-பாலிமர் மின்கலங்களும் தூரிகையற்ற மின்னோடிகளும் மலிவானபோது நிலைமை தலைகீழானது. அந்த மின்கலமே இன்று பழுதுகளுள் ஆபத்தானவற்றுக்கும் மூலம் என்பதைப் பின்னர் காண்போம்.

உறுப்புகளின் தொடர்

பழுது கண்டறிய வானூர்தியை இரு தொடர்களாகப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். முதலாவது ஆற்றல் தொடர்: மின்கல அடுக்கு, இணைப்பான், வேகக் கட்டுப்படுத்தி, மின்னோடி, சுழல்விசிறி. இரண்டாவது கட்டளைத் தொடர்: கையிலுள்ள அலைபரப்பி, வானூர்தியிலுள்ள அலைவாங்கி, செர்வோ, தள்ளுகம்பி, அசையும் பரப்பு. அசையும் பரப்புகள் மூன்று வகைப்படும். வாலின் கிடைப்பகுதியில் உள்ள எலிவேட்டர் மூக்கை உயர்த்தித் தாழ்த்துகிறது. வாலின் செங்குத்துப் பகுதியில் உள்ள ரட்டர் மூக்கை இடவலமாகத் திருப்புகிறது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அய்லரான்கள் வானூர்தியைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன.

இவ்விரு தொடர்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அவ்விடம் வேகக் கட்டுப்படுத்தி ஆகும். அது மின்னோடியை இயக்குவதோடு, மின்கலத்தின் 11.1 வோல்ட்டைச் சுமார் 5 வோல்ட்டாகக் குறைத்து அலைவாங்கிக்கும் செர்வோக்களுக்கும் வழங்குகிறது. இப்பகுதி பெக் என அழைக்கப்படுகிறது. ஆகவே "ரேடியோ தொடர்பு அறுந்துவிட்டது" என்று தோன்றும் பழுது உண்மையில் மின்வழங்கற் பழுதாக இருக்கக்கூடும். புதியவர்கள் பலர் இங்குதான் வழி தவறுகின்றனர். நல்ல அலைவாங்கியை மாற்றிவிட்டு, பழைய பெக்குடன் மீண்டும் பறக்கின்றனர்.

சோதனைக்கு முன்

மேசைமேல் வைத்து மின்கலத்தை இணைக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் சுழல்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். 8 அங்குல விசிறி நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும்போது அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 106 மீட்டர், அதாவது மணிக்கு 380 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. விரலைத் துண்டிக்க இது போதும். எண்ணெய் எஞ்சின் தடைபட்டால் நின்றுவிடுவது உண்டு. மின்னோடியோ தடைபட்டாலும் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சுழலவே முயல்கிறது. பழுதான அலைவாங்கியும் தவறாக அமைக்கப்பட்ட அலைபரப்பியும் எதிர்பாராத கணத்தில் மின்னோடியை முழு வேகத்தில் இயக்கக்கூடும். பழுது உள்ளது என்று தெரிந்தே நாம் அதனைக் கையாளுகிறோம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றொரு விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். மென்பொருளில் பிழை தேடுபவர்களுக்கு இது பழகிய விதி. மின்கலத்தையும் செர்வோவையும் சேர்த்து மாற்றிய பின் பழுது நீங்கினால், எது காரணம் என்று யாராலும் கூற இயலாது. குப்பைக்குச் செல்ல வேண்டிய உறுப்பு பெட்டிக்குத் திரும்பி, அடுத்த வானூர்தியில் ஏறிவிடும்.

மின்னோடி இயங்காமை

மின்கலத்தை இணைத்தும் எந்த ஒலியும் இல்லை, செர்வோக்களும் அசையவில்லை எனில் ஆற்றல் தொடரின் தொடக்கத்திலேயே பழுது உள்ளது. மல்ட்டிமீட்டர் கொண்டு மின்கலத்தின் முனைகளிலும், பின்னர் வேகக் கட்டுப்படுத்தியின் உள்ளீட்டிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முன்னதில் இருந்து பின்னதில் இல்லையெனில் இணைப்பானோ பற்றாசோ பழுது.

செர்வோக்கள் அசைகின்றன, மின்னோடி மட்டும் அசையாமல் வேகக் கட்டுப்படுத்தி விட்டுவிட்டு ஒலிக்கிறது எனில், பெரும்பாலும் அது பழுதே அன்று. வேகக் குச்சி கீழ்நிலையில் இருப்பதை உறுதி செய்யும்வரை கட்டுப்படுத்தி மின்னோடியை இயக்காது. இது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட காப்பு. அலைபரப்பியில் வேகத் தடத்தின் திசை தலைகீழாக இருந்தால், நாம் கீழே வைத்திருப்பதாக எண்ணும் குச்சி கட்டுப்படுத்திக்கு முழு வேகமாகத் தெரியும். அலைபரப்பியில் அத்தடத்தின் திசையை மாற்றுவதும், குச்சியின் மேல், கீழ் எல்லைகளைக் கட்டுப்படுத்திக்குக் கற்பிப்பதும் போதும். கட்டுப்படுத்தியின் கையேட்டில் அதன் ஒலிகளுக்கான பொருள் கொடுக்கப்பட்டிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை வேறுபடும் என்பதால் கையேட்டைத் தூக்கி எறியாதிருப்பது நலம்.

மின்னோடி சுழலாமல் நடுங்கித் திக்குகிறது எனில், அதற்குச் செல்லும் மூன்று கம்பிகளுள் ஒன்று துண்டிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. தூரிகையற்ற மின்னோடியில் மூன்று கட்டங்களும் முறையே ஊட்டப்பட்டால்தான் சுழல் காந்தப்புலம் உருவாகும். இரண்டு மட்டும் எஞ்சினால் சுழலி முன்னும் பின்னும் ஆடும். இதனைக் கருவி ஏதுமின்றிச் சோதிக்கலாம். மின்கலத்தை நீக்கி, மின்னோடியின் மூன்று கம்பிகளையும் கட்டுப்படுத்தியிலிருந்து பிரித்து, அவற்றுள் இரண்டின் முனைகளை ஒன்றையொன்று தொடவைத்து அச்சைக் கையால் சுழற்றினால் ஓர் இறுக்கம் தெரியும். மின்னோடி அப்போது மின்னாக்கியாகச் செயற்பட்டுத் தன்னைத்தானே தடுக்கிறது. மூன்று சோடிகளிலும் இறுக்கம் சமமாக இருந்தால் சுருள்கள் நலம். பழுது கட்டுப்படுத்தியிலோ இணைப்பானிலோ உள்ளது. ஒரு சோடியில் மட்டும் இறுக்கம் இருந்து மற்ற இரண்டில் இல்லையெனில், அவ்விரண்டிலும் பொதுவான கம்பி அறுந்துள்ளது. எந்தக் கம்பியையும் இணைக்காதபோதே இறுக்கம் மிகுந்திருந்தால், சுருள்கள் கருகி உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

மின்னோடி தவறான திசையில் சுழல்வது பழுதன்று. மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். மின்கலத்தின் கம்பிகளை மாற்றிப் பார்ப்பது மட்டும் கூடாது; கட்டுப்படுத்தி அக்கணமே எரிந்துவிடும்.

ஆற்றல் குறைதல்

"தரையில் நன்றாக ஓடுகிறது, மேலே சென்றதும் மின்னோடி நின்றுவிடுகிறது" என்பது மிகவும் பரவலான முறையீடு. இதில் சிக்கல் என்னவென்றால், இறங்கியதும் மின்கலத்தை அளந்தால் மின்னழுத்தம் சரியாகவே இருக்கும். லிப்போ கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு, முழுதும் ஏற்றப்பட்டபோது 4.2 வோல்ட்டு. மூன்று கலங்கள் சேர்ந்து 12.6 வோல்ட்டு. ஆனால் இவை சுமையின்றி அளக்கப்படும் அளவுகள்.

கலத்தின் உட்தடையே இங்கு முக்கியம். ஒரு நல்ல அடுக்கின் மொத்த உட்தடை 30 மில்லிஓம் எனக் கொண்டால், 15 ஆம்பியர் இழுக்கும்போது 0.45 வோல்ட்டு மட்டுமே இழக்கப்படும். முதுமையடைந்து உட்தடை 150 மில்லிஓம் ஆகிவிட்டால் அதே மின்னோட்டத்தில் 2.25 வோல்ட்டு இழக்கப்படும். பாதி தீர்ந்த அடுக்கின் 11.4 வோல்ட்டு, சுமையின்கீழ் 9.15 வோல்ட்டாகச் சரியும். பல கட்டுப்படுத்திகள் கலத்துக்கு 3.0 முதல் 3.3 வோல்ட்டு வரையான எல்லையில் மின்னோடியை நிறுத்துமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே மின்னோடி நின்றுவிடுகிறது. இறங்கியதும் சுமை நீங்கி மின்னழுத்தம் மீண்டும் உயர்ந்துவிடுகிறது. அந்தக் கலத்தினுள் அவ்வேளை 34 வாட்டு அளவு வெப்பமாக வீணாகிறது என்பதையும் கணக்கிட்டு அறியலாம். எனவே இறங்கியவுடன் மின்கலத்தைத் தொட்டுப் பார்ப்பதே சிறந்த முதற் சோதனை. உறுதி செய்ய விரும்புவோர் வானூர்தியை அசையாமல் கட்டி, விசிறிக்குப் பின்புறம் நின்று, முழு வேகத்தில் ஓடும்போது மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

இணைப்பான்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். சரியாகப் பற்றாத பற்றாசில் 0.05 ஓம் தடை இருந்தால் 15 ஆம்பியரில் 11 வாட்டு வெப்பம் உண்டாகும். சிறிய பற்றாசுக்கோலின் அளவு வெப்பம் அது. சில சமயம் இணைப்பானின் நெகிழியே உருகி இதனைக் காட்டிக்கொடுக்கும்.

விசிறியை மாற்றியதால் வரும் பழுதுகள் தனி வகை. உடைந்த 8 அங்குல விசிறிக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த 9 அங்குல விசிறியைப் பூட்டுவது இயல்பாக நடப்பதே. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே சுழல்வேகத்தில் விசிறி விழுங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்விகிதமானது. அக்கணக்கின்படி 9 அங்குல விசிறி 1.8 மடங்கு திறனைக் கேட்கும். உண்மையில் சுழல்வேகம் ஓரளவு குறைந்துவிடும் என்றாலும் மின்னோட்டம் கணிசமாக உயரவே செய்யும். 20 ஆம்பியர் கட்டுப்படுத்தி இதைத் தாங்காது. புகைந்த கட்டுப்படுத்தியைப் புதிதாக மாற்றுவோர், விசிறியை மாற்றாவிடில் அடுத்ததையும் இழப்பர்.

செர்வோக்களும் ரேடியோவும்

செர்வோ என்பது சிறு மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, நிலையை அறியும் மாறுதடை, மின்சுற்று ஆகியவை அடங்கிய பெட்டி. அலைவாங்கி அதற்கு நொடிக்குச் சுமார் 50 துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பின் அகலம் 1.5 மில்லிநொடி எனில் நடுநிலை; 1 மில்லிநொடி ஒரு பக்க எல்லை; 2 மில்லிநொடி மறுபக்க எல்லை. ஒரு செர்வோ அசையவில்லை எனில் அதன் இணைப்பை நன்கு இயங்கும் மற்றொரு தடத்தில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கு இயங்கினால் பழுது அலைவாங்கியிலோ அலைபரப்பியின் அமைப்பிலோ உள்ளது. அங்கும் இயங்காவிடில் செர்வோவே பழுது. ஒலி கேட்டும் கை அசையாவிட்டால் பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. நடுநிலையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தால் மாறுதடை தேய்ந்திருக்கலாம், அல்லது தள்ளுகம்பி எங்கோ இறுகியிருக்கலாம். கம்பியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

பறக்கும்போது ஒரு நொடி கட்டுப்பாடு இழந்து மீண்டும் பெறுவது மேலே கூறப்பட்ட பெக் பழுதின் அறிகுறி. நேரியல் வகை பெக், மிகையான மின்னழுத்தத்தை வெப்பமாகவே கழிக்கிறது. 11.1 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 1 ஆம்பியர் வழங்கும்போது 6.1 வாட்டு வெப்பமாகிறது. நான்கு செர்வோக்களும் ஒருசேர இழுக்கும்போது அது தாங்காது. அலைவாங்கி ஒரு கணம் அணைந்து மீண்டும் தொடங்கும். அனைத்துக் குச்சிகளையும் ஒரே வேளையில் ஒரு நிமிடம் ஆட்டிக்கொண்டிருந்தால் தரையிலேயே இதனை வெளிக்கொணரலாம். தனியான நிலைமாற்றி வகை பெக்கைப் பொருத்துவதே நிலையான தீர்வு.

இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்குகின்றன. முன்னர் ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்சும் அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்சும் வழக்கில் இருந்தபோது, ஒரே தடத்தில் இருவர் அலைபரப்பியை இயக்கினால் வானூர்தி விழுவது வாடிக்கை. இப்போது அது ஏறத்தாழ இல்லை. எனினும் 2.4 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 12.5 செ.மீ. மட்டுமே என்பதால், அலைவாங்கியின் ஏரியலில் உறை நீக்கப்பட்ட முனைப்பகுதியின் நீளம் அதன் கால்பங்கு, அதாவது சுமார் 31 மி.மீ. இருக்க வேண்டும். விபத்தில் அம்முனை அறுந்தால் தொலைவு மிகவும் குறைந்துவிடும், ஆனால் மேசைமேல் எல்லாம் சரியாகவே தெரியும். இரு ஏரியல்கள் இருப்பின் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், கரிம நாரிழைத் தண்டுகளிலிருந்து விலகியும் இருத்தல் வேண்டும்.

தவறாகப் பறத்தல்

எல்லா உறுப்புகளும் இயங்கியும் வானூர்தி ஒழுங்காகப் பறக்காதிருப்பது உண்டு. இங்கு வினவ வேண்டியது ஒன்றே: மின்னோடியை நிறுத்திச் சறுக்கும்போதும் அப்படியே செய்கிறதா? மின்னோடி ஓடும்போது மட்டும் மூக்கு மேலெழுந்தால் அல்லது இடப்புறம் திரும்பினால், மின்னோடி பொருத்தப்பட்டுள்ள கோணம் தவறு. பல பயிற்சி வானூர்திகளில் மின்னோடி சில பாகை கீழ்நோக்கியும் வலப்புறம் நோக்கியும் வேண்டுமென்றே சாய்க்கப்பட்டிருக்கும். உடைந்த மூக்கை ஒட்டுவோர் "கோணலாக உள்ளது" என்று நேராக்கிவிடுவர். சறுக்கும்போதும் ஒருபுறம் சாய்ந்தால் இறக்கை முறுக்கியுள்ளதா என்று பின்புறமிருந்து ஒரு கண்ணால் நோக்கிப் பார்க்க வேண்டும்.

ஈர்ப்பு மையம் பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 விழுக்காடு தொலைவுக்குள் அமையும். அது பின்னுக்குச் சென்றால் வானூர்தி நிலைத்தன்மை இழந்து, குச்சியின் சிறு அசைவுக்கும் மூக்கைத் தூக்கிச் சுருண்டு விழும். பழுதுபார்ப்பே இதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஈர்ப்பு மையத்துக்கு 50 செ.மீ. பின்னாலுள்ள வாலில் 5 கிராம் பசை சேர்ந்தால், அதனைச் சமன்செய்ய 15 செ.மீ. முன்னாலுள்ள மூக்கில் ஏறத்தாழ 17 கிராம் சேர்க்க வேண்டும். ஆகவே வாலில் பசையைச் சிக்கனமாகவும் மூக்கில் தாராளமாகவும் பயன்படுத்துவர்.

உடைந்த உடலைச் சீர்செய்தல்

நுரை எவ்வகை என்று முதலில் அறிய வேண்டும். தெர்மோகோல் போன்ற பாலிசுட்டைரீன் நுரைகளைச் சாதாரண சூப்பர் குளூ கரைத்துத் தின்றுவிடும். அவற்றுக்கென விற்கப்படும் நுரைக்கு ஏற்ற வகையோ எப்பாக்சியோ தேவை. ஈபிபி, ஈபிஓ எனப்படும் மீள்தன்மையுள்ள நுரைகளைச் சூப்பர் குளூ கரைக்காது. ஐயமிருந்தால் உள்ளே மறையும் ஓர் இடத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். சூட்டுப் பசை விரைவானது என்றாலும் வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டிக்குள் இளகிவிடும்; மின்னோடி தாங்கிக்கு அதனை நம்ப இயலாது.

நசுங்கிய ஈபிஓ நுரை பெருமளவு மீளக்கூடியது. மின்னணு உறுப்புகளைக் கழற்றிவிட்டு, நசுங்கிய பகுதியைக் கொதிக்கவைத்த நீரில் சில நொடிகள் அமிழ்த்தினால், நுரையின் குமிழ்கள் விரிந்து பழைய வடிவத்தை அணுகும். முதன்முறை காண்பவர்க்கு இது வியப்பூட்டும். முறிந்த இறக்கையில் ஒட்டுமட்டும் போதாது, ஏனெனில் பறக்கும்போது வளைவிசை நடுவிலேயே மிகுதி. முறிவின் இருபுறமும் நீளும் கரிம நாரிழைத் தண்டு ஒன்றைப் பள்ளம் வெட்டிப் பதித்து ஒட்ட வேண்டும். கீறலுற்ற விசிறியை மட்டும் ஒருபோதும் ஒட்டக்கூடாது; மாற்ற வேண்டும்.

அடிபட்ட மின்கலம் வேறு எதையும்விடக் கவனத்துக்குரியது. உள்ளே உறை கிழிந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் உடனேயோ பல நிமிடங்கள் கழித்தோ தீப்பிடிக்கலாம். ஆகவே விபத்துக்குப் பின் அதனைக் கழற்றி, எரியும் பொருள்கள் இல்லாத வெட்டவெளியில் குறைந்தது அரை மணி நேரம் வைத்துக் கவனிக்க வேண்டும். வண்டிக்குள்ளோ பைக்குள்ளோ வைக்கக்கூடாது. வீங்கிய, துளையுற்ற அடுக்கைச் சீர்செய்ய வழியில்லை. உப்புநீரில் இட்டால் போதும் என்று பரவலாகக் கூறப்படுகிறது. முனைகள் அரித்துப்போய் மின்னேற்றம் உள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பதால் இதனை நம்புவது சரியன்று. வீங்கியது ஆனால் துளையற்றது எனில், வெளியிடத்தில் சிறு விளக்கு ஒன்றை இணைத்து மெல்ல முழுதும் இறக்கி, முனைகளைக் காப்பிட்டு, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

மீண்டும் பறக்கும் முன்

சீர்செய்த வானூர்தியின் முதற் பறப்பில் அழிவை ஏற்படுத்தும் பிழைகளுள் முதன்மையானது அசையும் பரப்புகளின் திசை மாறியிருத்தல். செர்வோவை மாற்றும்போதும் அலைபரப்பியில் புதிய நினைவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இது நேரும். வானூர்தியின் பின்னால் நின்று பார்க்கையில், குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது அய்லரான் மேலெழ வேண்டும், இடது கீழிறங்க வேண்டும். ரட்டர் வலப்புறம் திரும்ப வேண்டும். குச்சியைத் தன்பால் இழுத்தால் எலிவேட்டர் மேலெழ வேண்டும். "அசைகிறது" என்பதைக் கண்டு நிறைவடைந்துவிடுவதே இங்கு பொறி.

இப்பிழை விளையாட்டு வானூர்திகளுக்கு மட்டும் உரியதன்று. 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் ஆவ்ரோ டியூடர் வானூர்தியின் முன்மாதிரி, அய்லரான் வடங்கள் தலைகீழாகப் பூட்டப்பட்ட நிலையில் எழும்பி விழுந்தது. லங்காஸ்டர் குண்டுவீச்சு வானூர்தியை வடிவமைத்த ராய் சாட்விக் அதில் உயிரிழந்தார். 2018 நவம்பர் 11 அன்று, போர்த்துகலில் பராமரிப்பு முடிந்து புறப்பட்ட ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 வானூர்தியிலும் அய்லரான் வடங்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. வானோடிகள் நெடுநேரம் போராடி, உயிரிழப்பின்றி பேஜா விமானத்தளத்தில் அதனை இறக்கினர்.

திசை சரியாக இருப்பின், அலைபரப்பியை அணைத்தால் மின்னோடி நிற்குமாறு காப்புநிலை அமைக்கப்பட்டுள்ளதா என்று சோதிக்க வேண்டும். பின்னர் அலைபரப்பியில் தொலைவுச் சோதனை நிலையைத் தேர்ந்தெடுத்து, பரப்பும் திறன் குறைக்கப்பட்ட அந்நிலையில் கையேடு கூறும் தொலைவு வரை விலகிச் சென்று எல்லாப் பரப்புகளையும் இயக்கிப் பார்க்க வேண்டும். மின்னோடி ஓடும்போதும் இச்சோதனையை மீண்டும் செய்வது அவசியம். அவ்வேளை வேறொருவர் வானூர்தியை விசிறிக்குப் பின்புறமிருந்து பிடித்திருக்க வேண்டும். மின்னோடி ஓடினால் மட்டும் செர்வோக்கள் துடிக்குமாயின், பழுது இன்னும் ஆற்றல் தொடரிலேயே உள்ளது. அன்று பறக்கவிடாமல் வீடு திரும்ப வேண்டும்.